கன்றுக்குட்டி தின்ற துளசி மாலை

என் வாழ்க்கையில் எனக்கு மிகத் தெளிவாக ஞாபகம் இருக்கிற நாள் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன். கல்லங்குறிச்சியில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலில் கூட்டம் நெரிகிறது. கோயிலுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வாசல், வாசலில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் செவலைக் கன்றுக்குட்டி ஒன்று கட்டில்லாமல் நிற்கிறது. பித்தளைச் செம்பில் மோர் வருகிறது. மோரில் கறிவேப்பிலை கொஞ்சம் தூக்கல். கொண்டுவந்த பெண் பச்சைப் புடவை கட்டியிருக்கிறாள். கன்றுக்குட்டி எட்டி, என் கையில் இருந்த துளசி மாலையைக் கவ்வுகிறது. அதன் நாக்கு என் மணிக்கட்டில் சொரசொரவென்று படுகிறது. அந்தப் பெண் குபீரென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள்.

எல்லாம் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு சங்கடம்தான். அன்றைக்கு நான் கல்லங்குறிச்சிப் பக்கமே போகவில்லை. அப்போதெல்லாம் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு; குரும்பலூரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

கத்திக்கொண்டிருந்தேன் என்பதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. யுத்த காலம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. பிள்ளைகளைத் தொட்டு அடித்ததில்லை; ஆனால் நான் போட்ட சத்தத்துக்குத் தெருக்கோடியில் செக்கு ஓட்டுகிறவர் மாட்டை நிறுத்திவிட்டு, "வாத்தியாருக்கு இன்னிக்கு என்ன தப்பாப் போச்சோ" என்று கேட்பாராம். அவர் கேட்டதை எனக்கு வந்து சொல்லவும் ஊரில் ஆள் இருந்தது.

பெரும்பாலும் தப்பாய்ப் போனது கதைதான். திங்கட்கிழமை ஒரு கதை சொல்வேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இது நானாகக் கண்டுபிடித்த முறை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு வாரம் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகிற ஒரு வியாபாரியின் கதை சொன்னேன். வழியில் ஒரு கிணறு. குதிரையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குனிகிறான். தலைப்பாகை கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறது. நான் சொன்னது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஒருவன் எழுந்து, "வெள்ளைக் குதிரை சார்" என்றான்.

"குதிரைக்கு நான் நிறமே சொல்லலையேடா!"

"கோட்டைக்குப் போற குதிரை வெள்ளையாத்தான் சார் இருக்கும்."

அடுத்தவன் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தை நட்டான். மூன்றாமவன், "தலைப்பாகைய எடுக்க எங்க அப்பா எறங்குனாரு சார்" என்றானே பார்க்கலாம்! விசாரித்தால், கதையில் வந்தது அவன் வீட்டுக் கிணறாம். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள், இருபத்தெட்டுக் கிணறு. எவனும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணால் கண்டமாதிரி சொன்னார்கள். அதுதான் எனக்கு அதிகமாகக் கோபத்தைக் கிளப்பியது. சிவப்புப் பென்சிலை எடுத்துச் சரக் சரக்கென்று அடித்துத் தள்ளினேன். என் ஞாபகம் கல்லில் வெட்டினது, மற்றவர்களுடையது மணலில் எழுதினது என்று எனக்கு ஓர் எண்ணம்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது மாப்பிள்ளை நேரில் போய்ப் பெண்ணைப் பார்ப்பது கௌரவக் குறைச்சல். பெரியவர்கள் போவார்கள். அவர்களும் பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். கோயிலுக்குப் போவார்கள். சாமி கும்பிட்டுவிட்டு, தாகமாக இருக்கிறது என்று அந்த வீட்டில் தற்செயலாக நுழைவார்கள். பெண் மோர் கொண்டுவந்து கொடுப்பாள். பிடித்தால் பத்து நாள் கழித்து ஆள் அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால், யாரோ கோயிலுக்கு வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் மானம் போகாது. இதில் ஒரு முக்கியமான சங்கதி என்னவென்றால், யார் யாரென்று யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள்.

அப்படித்தான் எங்கள் வீட்டிலிருந்து அம்மா, சித்தி, அக்கா, துணைக்கு என் தம்பி என்று நாலு பேர் புறப்பட்டார்கள். தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். கோபம் என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குக் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமானதால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றை மாட்டி ஓட்டினார்கள். அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்கு வாடகை மாட்டுவண்டி. போய்விட்டு மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

"பொண்ணு எப்படிம்மா?"

"மகாலச்சுமி மாதிரி இருக்கா" என்றாள் அம்மா.

மகாலட்சுமியை நான் எங்கே பார்த்தேன்? எனக்கு இது பத்தாது. பெண் வீட்டார் தீபாவளிக்கு முன்னால் ஒரு பதில் வேண்டும் என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடையார்பாளையத்திலிருந்தும் பெண்ணுக்கு ஓர் இடம் வந்திருக்கிறதாம். முகம் தெரியாத ஒருத்தியோடு காலம் பூராவும் வாழ்வதா? நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். நாலு கட்டம் போட்டேன். நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

அம்மா சொன்னாள்: பெண் மாநிறம், கொஞ்சம் உயரம், மோர் ஊற்றும்போது ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. உட்கார்ந்தது வேப்பமரத்து நிழலில். சித்தி சொன்னாள்: பெண் நல்ல சிவப்பு. உயரமா? கவனிக்கவில்லை. உட்கார்ந்தது வீட்டுக்குள்ளே. மற்றபடி சித்தியின் கட்டம் முழுவதும் பஸ்தான். கரி பஸ் ஏற்றத்தில் நின்றுபோனது, எல்லோரும் இறங்கித் தள்ளியது, சித்தியின் முகத்தில் கரி அப்பியது, ஒரு கிழவர் துண்டு கொடுத்தது. "சித்தி, பஸ்ஸையா நான் கட்டிக்கப் போறேன்?" என்று கத்தினேன். "நீ கட்டிக்கிறியோ இல்லையோ, நான் அதுக்கப்புறம் ஏறப் போறதில்ல" என்றாள் சித்தி.

அக்கா புடவையைப் பார்த்திருந்தாள். பச்சை, அரக்குக் கரை. மூக்குத்தி இடது பக்கம். நிறத்தைக் கேட்டேன். "ஒன்னவிட ஒரு படி மேலதான், பயப்படாத" என்றாள். தம்பி வந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"நான் என்னத்தண்ணே கண்டேன்? மோரைப் பாத்தேன், கன்னுக்குட்டியப் பாத்தேன்."

"பொண்ணு?"

"சிரிச்சாங்க."

இது ஒன்றுதான் நாலு கட்டத்திலும் ஒரே மாதிரி இருந்தது. கோயிலில் வாங்கிய துளசி மாலையைத் தம்பி கையில் வைத்திருந்தான். செவலைக் கன்று எட்டி அதைக் கவ்விவிட்டது. அம்மா பதறினாள், பிரசாதமாயிற்றே! தம்பி பிடுங்கவில்லை, அதட்டவில்லை. "பெருமாள் பிரசாதந்தானே, நீயும் தின்னு தாயி" என்று மிச்ச மாலையையும் அதற்கு ஊட்டிவிட்டான். அப்போதுதான் அந்தப் பெண் குபீரென்று சிரித்தது. பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு பெண் அப்படிச் சத்தம்போட்டுச் சிரிக்கலாமா? அவளுடைய அம்மா முறைத்தாளாம். இவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாளாம். அம்மா, சித்தி, அக்கா மூவரும் இதைச் சொல்லும்போது தங்களை அறியாமல் சிரித்தார்கள். மூன்று பேரும் வாயைப் பொத்திக்காட்டினார்கள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

நிறம் மூன்று விதம், இடம் இரண்டு விதம், சிரிப்பு மட்டும் ஒன்று. அந்தச் சிரிப்பை நம்பிச் சரி என்றேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் பாத்திரம் பண்டங்களோடு அந்தச் செவலைக் கன்றுக்குட்டியும் வந்தது. பெண் மாநிறம், அம்மா சொன்னதுதான் சரி. உயரமெல்லாம் ஒன்றுமில்லை, அம்மா அங்கே கோட்டை விட்டிருந்தாள். எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் நான் தரையில் நடக்கவே இல்லை.

பதினைந்து நாள் இருக்கும். காலையில் கொல்லையில் அவள் கன்றுக்குக் கழனித் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வேப்பங்குச்சியோடு நின்றேன். கன்று என்னிடம் வந்து வேட்டியை முகர்ந்தது.

"இதுக்கு ஒங்கள ஞாபகம் இருக்குங்க" என்றாள்.

"எப்படி?"

"அன்னிக்கு ஒங்க கையிலேருந்துதான மாலையத் தின்னுச்சு."

வாயில் வேப்பங்குச்சி அப்படியே நின்றது.

அவள் கன்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்குச் சம்மதமான்னு எங்கம்மா கேட்டாங்க. அந்த உடையார்பாளையத்துக்காரரு காருல வந்து எறங்குனாரு, பெரிய எடம். ஆனா வாசல்ல கோழி குறுக்க வந்ததுக்கு எட்டி ஒதைச்சாரு. நீங்க மாலையத் தின்ன கன்னுக்குட்டிக்கு மிச்சத்தையும் ஊட்டிவிட்டீங்க. இந்த மனுசன் கட்டிக்கிட்டவள வைய மாட்டாரும்மான்னு சொன்னேன். அவ்ளோதான்."

தம்பிக்கும் எனக்கும் ஒரே உயரம், அப்பாவின் அதே மூக்கு. அவளோ மோர்ச் செம்புக்கு மேலாக ஒரு கண் இமைக்கும் நேரம் பார்த்தவள். யார் மாப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. வந்ததில் கல்யாண வயசில் இருந்த ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். மணவறையில் என் முகத்தைப் பார்த்ததும், அதைக் கொண்டுபோய் அந்த வேப்பமரத்தடியில் பொருத்திவிட்டாள்.

"தம்பி அன்னிக்கு எங்க இருந்தான்?" என்று மெல்லக் கேட்டேன்.

"வாசல்ல வண்டிமாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரே" என்றாள், கண்ணால் கண்டவள் போல. வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டியது வாடகை வண்டிக்காரர். அவருக்கு என் தம்பி முகத்தை ஒட்டியாயிற்று. இருபத்தெட்டுக் கிணற்றோடு இருபத்தொன்பதாவது கிணறு.

கதையில் குதிரைக்கு வெள்ளை அடித்தவனையே விடாத நான், அப்போதே சிவப்புப் பென்சிலை எடுத்திருக்க வேண்டும். 'அது நான் இல்லை, என் தம்பி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. பயம். அவள் சம்மதம் சொன்னது கோபம் வராத ஒரு மனுஷனுக்கு. நானோ ஊரெல்லாம் கேட்கக் கத்துகிறவன். அந்த ஆள் நான் இல்லை என்று தெரிந்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஆமா, நல்ல கன்னுக்குட்டி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "சைக்கிளைக் குடுத்தீங்கன்னா அன்னிக்கு நான் பொறக்கவே இல்லண்ணே" என்றான். அன்றிலிருந்து என் சைக்கிள் அவனுடையது. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அம்மாவிடமும் சித்தியிடமும் அக்காவிடமும் தனித்தனியாகக் கெஞ்சினேன். வீட்டில் அந்தக் கதை வரும்போதெல்லாம் முதலில் என் மூஞ்சியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "நம்ம பெரியவன் கையிலேருந்துதான் கவ்வுச்சு" என்பார்கள். ஒரு வருஷம் போனது. கண் சிமிட்டல் நின்றது. அப்புறம் ஒருநாள் அம்மா என் பழைய சட்டை ஒன்றைத் துவைக்கும்போது, "இதத்தான அன்னிக்குக் கல்லங்குறிச்சிக்குப் போட்டுக்கிட்டு வந்த?" என்றாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறாள்!

எனக்கே என்ன ஆயிற்று தெரியுமா? பள்ளிக்கூடத்தில் எவனாவது உளறும்போது கோபம் கிளம்பும். உடனே மணிக்கட்டில் அந்தச் சொரசொரப்பு படும். படாத நாக்குதான், ஆனாலும் படும். சத்தம் தொண்டையிலேயே நின்றுவிடும். செக்கு ஓட்டுகிறவர் ஒருநாள் வழியில் என்னை மறித்து, "என்ன வாத்தியாரே, ஒடம்புக்கு முடியலையா? சத்தத்தையே காணோம்" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. அவள் புன்னகைப்பாள், கண்ணால் சிரிப்பாள், அம்மாவும் அவளும் சேர்ந்து குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். ஆனால் மூன்று பேர் வாயைப் பொத்திக்காட்டிச் சொன்னார்களே அந்தக் குபீர்ச் சிரிப்பு, அது வரவில்லை. கோமாளித்தனம் எல்லாம் செய்து பார்த்தேன். சித்தியின் கரி பஸ்ஸை நடித்துக்கூடக் காட்டினேன். "போதுங்க, யாராவது பாக்கப் போறாங்க" என்றாள். அந்தச் சிரிப்பு தம்பியைப் பார்த்து வந்தது, என்னைப் பார்த்து வராது என்று உள்ளுக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது.

நாலு வருஷம் ஓடியது. யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது. கன்றுக்குட்டி பசுவாகி ஒரு கன்றும் போட்டது. அப்போதுதான் அந்தக் காலைநேரம் வந்தது. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். ஒரு மாதமாகக் கண்விழித்து எழுதிய பாடக்குறிப்பு நோட்டைக் கொல்லையில் கயிற்றுக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால், நோட்டின் அட்டை தரையில் கிடக்கிறது. உள்ளே இருந்த ஐம்பது பக்கம் பசுவின் வாயில் அரைபடுகிறது. அது என்னைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறது.

நாலு வருஷக் கோபமும் ஒன்றாக வந்தது. வேலியில் செருகியிருந்த கம்பை உருவினேன். "கழுதை!" என்று நான் கத்தியது செக்கடி வரைக்கும் கேட்டிருக்கும். ஓங்கிய கம்புக்கும் பசுவுக்கும் நடுவே அவள் வந்து நின்றாள்.

"என்னங்க இது? அன்னிக்குப் பிரசாத மாலையத் தின்னப்பவே கோவப்படாத மனுசருக்கு இன்னிக்கு என்னா வந்துச்சு?"

"அது நான் இல்லடி!" என்று கத்தினேன். "தம்பி! அவன்தான் போனான்! நான் கல்லங்குறிச்சிக்கே வரல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அவள் என் கையிலிருந்த கம்பை வாங்கி வேலியில் செருகிவிட்டு உள்ளே போனாள். காலைச் சாப்பாடும் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் போயிற்று, இனிமேல் அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கம்போடுதான் தெரிவேன் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பாடக்குறிப்பைப் பசு தின்றுவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். "சரி, அதைக் குழந்தைகள்கிட்டயே கேட்டுக்குவோம்" என்று ஒரு சிறுமியை எழுப்பிக் கதை சொல்லச் சொன்னார். அவள் அதே வியாபாரி கதையைச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தலப்பா கெணத்துல விழுந்துச்சு சார். வியாபாரி குனிஞ்சு பாத்துச் சிரிச்சாரு."

"சிரித்தாரா? வாத்தியார் அப்படிச் சொன்னாரா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லைதான். ஆனால் மொட்டைத் தலையோடு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிற அந்த வியாபாரியை முதல் தடவையாக நானே பார்த்தேன். "சொன்னேன் சார்" என்றேன். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். நல்ல குறிப்பே எழுதிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை. நுழைந்தால், கூடத்தில் அம்மா, சித்தி, தம்பி மூவரையும் வரிசையாக உட்காரவைத்திருக்கிறாள் என் மனைவி. நான் வகுப்பில் உட்காரவைப்பது போலவேதான்.

"இவரு வரவே இல்லங்கிறாரு. நீங்க சொல்லுங்கத்த. அன்னிக்கு வந்தாரா, இல்லையா?"

"வராம? வேப்பமரத்தடியில எம்பக்கத்துலதான ஒக்காந்திருந்தான்!" என்றாள் அம்மா.

"கரி பஸ்ஸத் தள்ளுனதே அவன்தானே" என்றாள் சித்தி. நாலு வருஷத்தில் சித்தி என்னைப் பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருந்தாள்.

கடைசியில் தம்பி. அவன் என்னைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "நான் வாசல்ல வண்டிமாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணி. அண்ணன்தான் ஊட்டிவிட்டாரு" என்றான். சைக்கிளுக்காகச் சொன்னானா, பாசத்தில் சொன்னானா, அவனுக்கும் அப்படியே ஆகிவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

என் கல்வெட்டுப் புத்தி சும்மா இருக்குமா? இத்தனைக்கும் பிறகு பொய்யில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. தகரப்பெட்டியைத் திறந்து அந்தப் பழைய நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். "படிச்சுப் பாரு. அன்னிக்கே எழுதினது" என்றேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். கட்டம் கட்டமாக விரலை வைத்துப் படித்தாள். 'தம்பி கையில் இருந்த மாலையைக் கன்று கவ்வியது' என்ற வரியில் விரல் நின்றது. மற்ற மூவரும் மெல்ல எழுந்து போய்விட்டார்கள்.

"அப்ப நெசந்தானா" என்றாள்.

"நெசந்தான். என்னை மன்னிச்சிரு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மாலைய ஊட்டிவிட்ட ஆளுக்குத்தான் நான் சம்மதஞ் சொன்னேன். நாலு வருஷமா என்கூட இருக்கிறது அந்த ஆளுதான். ஒரு சொல்லு சொன்னதில்ல, ஒரு நாளு வஞ்சதில்ல. இன்னிக்குக் காலையில கம்பத் தூக்குனாரே, அவரு யாருன்னுதான் எனக்குத் தெரியல."

அவள் என் சட்டைப் பையில் கையை விட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். நோட்டில் 'தம்பி' என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தாள். மேலே நிதானமாக, கொஞ்சம் கோணலாக, 'இவர்' என்று எழுதினாள். நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "சாப்பிட வாங்க, காலையிலேருந்து பட்டினி" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் தனியாகக் கிளம்பினேன். பெரம்பலூர், அரியலூர், அங்கிருந்து கல்லங்குறிச்சி. மாமனார் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெருமாளைக் கும்பிட்டு, ஒரு துளசி மாலை வாங்கி, வாழை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினேன். நேரே கொல்லைக்குப் போனேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாலையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பசுவுக்கு முன்னால் போய் நின்றேன்.

பசு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கம்பு ஞாபகம் இருந்திருக்கும். நான் அசையவில்லை. மெல்லக் கழுத்தை நீட்டி, மாலையின் நுனியைக் கவ்வியது. நாக்கு மணிக்கட்டில் பட்டது. சொரசொரவென்று, நாலு வருஷமாக எனக்குத் தெரிந்த அதே சொரசொரப்பு.

"பெருமாள் பிரசாதந்தானே, நீயும் தின்னு தாயி" என்று சொல்லி மிச்ச மாலையையும் ஊட்டிவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் குபீரென்று ஒரு சிரிப்பு கேட்டது. திரும்பினேன். மடித்த துணியெல்லாம் கீழே கிடக்க, வாயைப் பொத்திக்கொண்டு அவள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தாண்டா ஓடுனா" என்றாள் அம்மா, முறத்தை நிறுத்தி.

"ஆமாம்மா" என்றேன். "நானுந்தான் பாத்தேனே."